ஸ்லைடு ரூலில் கணக்குப் போடுவது எப்படி?

சாதாரண ஸ்கேல் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கீழே வைத்து, அதன் 3 செ.மீ. கோட்டுக்கு நேராக இன்னொன்றின் 0 வரும்படி மேலே ஒட்டி வையுங்கள். மேல் ஸ்கேலில் 4 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே பார்த்தால் 7 இருக்கும். 3 + 4 = 7. ஒரு நீளம் முடிந்த இடத்தில் இன்னொரு நீளத்தைத் தொடங்கினோம், கூட்டல் நடந்துவிட்டது. ஸ்கேலை அசைக்காமல் அப்படியே 5-ஐப் பாருங்கள், கீழே 8. 6-ஐப் பாருங்கள், கீழே 9. 3-உடன் எதைக் கூட்டினாலும் விடை ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது.

ஸ்லைடு ரூல் செய்வதும் இவ்வளவுதான். இரண்டு நீளங்களைக் கூட்டுகிறது, அல்லது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. ஆனால் அதில் எண்கள் எழுதப்பட்டிருக்கும் இடங்கள் வேறு. அதனால் நாம் நீளங்களைக் கூட்டும்போது எண்கள் பெருகுகின்றன. நீளங்களைக் கழிக்கும்போது எண்கள் வகுபடுகின்றன. பேட்டரி கிடையாது, பல்சக்கரம் கிடையாது, ஒரு சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் நகர்கிறது, அவ்வளவே. சுமார் 350 ஆண்டுகள் பொறியாளர்களும் கப்பல் மாலுமிகளும் விஞ்ஞானிகளும் இதை வைத்துத்தான் பெருக்கினார்கள், வகுத்தார்கள். இன்று கால்குலேட்டர் கையிலேயே இருக்கும்போது இதை ஏன் கற்க வேண்டும்? பெருக்கல் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எண்கள் எங்கே இருக்கின்றன

சாதாரண ஸ்கேலில் 1-க்கும் 2-க்கும் எவ்வளவு தூரமோ, 8-க்கும் 9-க்கும் அதே தூரம். ஸ்லைடு ரூலில் அப்படி இல்லை. இடது முனையில் 1 இருக்கும், வலது முனையில் 10 இருக்கும். இடையில் எண்கள் போகப்போக நெருங்கிக்கொண்டே வரும். 1-க்கும் 2-க்கும் நடுவே அகலமான இடம், 9-க்கும் 10-க்கும் நடுவே மிகக் கொஞ்சம்.

இந்த நெருக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1-இலிருந்து 2 வரை உள்ள தூரத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதே துண்டை 2-இல் வைத்தால் மறுமுனை 4-இல் நிற்கும். 4-இல் வைத்தால் 8-இல் நிற்கும். 3-இல் வைத்தால் 6-இல், 5-இல் வைத்தால் 10-இல். அதாவது அந்தத் துண்டின் நீளத்துக்கு ‘இரண்டால் பெருக்கு’ என்று பொருள். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது அதையே செய்யும். 1-இலிருந்து 3 வரை உள்ள தூரத்தை வெட்டி எடுத்தால் அது ‘மூன்றால் பெருக்கு’ துண்டு. இரண்டையும் வரிசையாக வைத்தால் 1-இலிருந்து 6-க்குப் போய்ச் சேரும்.

சமமான தூரம் என்றால் சமமான விகிதம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

இப்படி எண்களை வைப்பதற்கான தூரத்தைத் தருவதுதான் லாகரிதம் எனப்படும் மடக்கை. 2-இன் மடக்கை 0.301. 3-இன் மடக்கை 0.477. இரண்டையும் கூட்டினால் 0.778, அது 6-இன் மடக்கை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். லண்டனிலிருந்த ஹென்றி பிரிக்ஸ் அவரை நேரில் போய்ச் சந்தித்து, பேசி, பத்தை அடிப்படையாகக் கொண்ட வசதியான அட்டவணைகளை உருவாக்கினார். அந்த எண்களை 1620-ஐ ஒட்டி எட்மண்ட் கண்டர் ஒரு மரச்சட்டத்தில் நீளங்களாகக் கீறினார். அதில் கவராயத்தை வைத்து அளந்து அளந்து நீளங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளை ஒன்றை ஒட்டி ஒன்று நகரும்படி வைத்தால் கவராயமே வேண்டாம் என்று கண்டவர் வில்லியம் ஆட்ரெட். இது 1620-களில் நடந்தது. பெருக்கலுக்கு × என்ற குறியை அச்சில் கொண்டுவந்தவரும் அவரே.

காகிதத்தில் ஒன்று செய்துகொள்ளுங்கள்

வாங்குவதற்கு முன், அல்லது பழைய ஒன்று கையில் கிடைத்திருந்தாலும்கூட, முதலில் காகிதத்தில் ஒன்று செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை. தடித்த அட்டையில் இரண்டு பட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் 1 என்றும் வலது முனையில் 10 என்றும் எழுதுங்கள். இடது முனையிலிருந்து 2-க்கு 7.53 செ.மீ., 3-க்கு 11.93, 4-க்கு 15.05, 5-க்கு 17.47, 6-க்கு 19.45, 7-க்கு 21.13, 8-க்கு 22.58, 9-க்கு 23.86. நடுவில் 1.5-ஐ 4.40 செ.மீ.யிலும் 2.5-ஐ 9.95 செ.மீ.யிலும் குறித்துக்கொள்ளலாம். எந்த எண்ணுக்கும் மடக்கையை 25-ஆல் பெருக்கினால் அதன் இடம் கிடைக்கும். கண்ணுக்கு எட்டிய துல்லியத்தில் குறித்தால் போதும்.

இப்போது சோதனை. கீழ்ப் பட்டையில் 1.5-க்கு நேராக மேல் பட்டையின் 1-ஐ வையுங்கள். மேலே 4 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே பாருங்கள், 6. செ.மீ. கணக்கிலும் சரிபார்க்கலாம்: 4.40 + 15.05 = 19.45. அது 6-இன் இடமேதான்.

கடையில் விற்ற கருவியும் இதே அமைப்புத்தான், கொஞ்சம் கூடுதல் வசதிகளோடு. அசையாத அடிச்சட்டம் ஒன்று. அதன் நடுவில் வெட்டிய பள்ளத்தில் இடமும் வலமும் நகரும் நடுச்சட்டம் ஒன்று. இரண்டின் மேலும் ஓடும் கர்சர் என்ற கண்ணாடித் துண்டு, அதில் செங்குத்தாக மயிரிழை போன்ற ஒரு கோடு. வரிசைகளுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்திருப்பார்கள். நடுச்சட்டத்தின் கீழ் விளிம்பில் சி வரிசை, அதைத் தொட்டுக்கொண்டு அடிச்சட்டத்தில் டி வரிசை. இரண்டும் ஒரே மாதிரியானவை. நாம் காகிதத்தில் செய்த மேல் பட்டைதான் சி, கீழ்ப் பட்டைதான் டி. மேல் விளிம்பில் ஏ, பி என்று இன்னொரு ஜோடி இருக்கும், அதற்கு அப்புறம் வருவோம். ஏ, பி, சி, டி என்ற இந்த ஏற்பாட்டைக் கர்சரோடு சேர்த்து 1850-களில் பரவலாக்கியவர் அமெதே மான்ஹைம் என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி.

கோடுகளைப் படிப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது பெருக்கலில் அல்ல, இங்கேதான். எண்கள் நெருங்கிக்கொண்டே போவதால் நடுவில் உள்ள சின்னக் கோடுகளின் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும். 25 செ.மீ. ஸ்லைடு ரூலில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும்.

1-க்கும் 2-க்கும் நடுவே சின்ன எழுத்தில் மறுபடியும் 1, 2, 3 என்று 9 வரை போட்டிருப்பார்கள். அவை 1.1, 1.2, 1.3 என்று 1.9 வரை. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பிரிவுகள், எனவே ஒரு பிரிவு 0.01. இங்கே 1.37-ஐ நேராகக் கோட்டிலேயே படிக்கலாம். 2-இலிருந்து 4 வரை ஒரு சின்னப் பிரிவின் மதிப்பு 0.02. எனவே 2.46 ஒரு கோட்டின் மேல் விழும், 3.15 என்பது 3.14-க்கும் 3.16-க்கும் நட்டநடுவில் விழும். 4-இலிருந்து 10 வரை ஒரு பிரிவு 0.05. 6.85 ஒரு கோடு. 6.87 என்றால் 6.85-ஐத் தாண்டி, அடுத்த கோட்டுக்குப் பாதித் தூரம்கூடப் போகாமல், கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் 1.05-க்கும் 1.5-க்கும் இடையே. சின்ன எழுத்தில் இருக்கும் 5 என்பது 1.5. 1.05 என்பது அதற்கு வெகு முன்னால், 1-க்கும் சின்ன 1-க்கும் சரி பாதியில். அதேபோல் சின்ன 2-ஐப் பார்த்து 2 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் போய்விடும். கர்சரைக் கண்ட இடத்தில் நிறுத்தி ‘இது எந்த எண்?’ என்று கேட்டு விடை சொல்லிப் பழகுங்கள். ஒரு நாள் இதை மட்டும் செய்தாலே நல்ல பலன் இருக்கும்.

இன்னொன்று. ஸ்லைடு ரூலுக்கு இலக்கங்கள் மட்டும்தான் தெரியும், அளவு தெரியாது. 1.37, 13.7, 1370, 0.00137 எல்லாவற்றுக்கும் அதில் ஒரே இடம்தான். தசமப் புள்ளியை எங்கே போடுவது என்பது நம் வேலை.

பெருக்கல்

2 × 3 என்று எளிதாகத் தொடங்கலாம். சி வரிசையின் இடது முனையை (அதாவது சி-யின் 1-ஐ) டி-யில் 2-க்கு நேராக வையுங்கள். கர்சரை சி-யில் 3-க்கு நகர்த்துங்கள். அதே கோட்டின் கீழ் டி-யில் 6. விடை எப்போதும் டி-யில்.

அடுத்து 24 × 36.5. மனதில் முதலில் தோராயமாக: 20 × 40 = 800. அதனால் விடை எண்ணூறை ஒட்டி இருக்கும். இப்போது சி-யின் இடது முனை டி-யில் 2.4-க்கு. கர்சர் சி-யில் 3.65-க்கு. டி-யில் படித்தால் 8.75 கோட்டைச் சற்றே தாண்டி நிற்கும், 8.76 என்று சொல்லலாம். எண்ணூறை ஒட்டிய விடை என்று முன்பே தெரியும் என்பதால் 876.

4 × 5 போட்டுப் பாருங்கள். சி-யின் இடது முனையை டி-யில் 4-க்கு வைத்தால் சி-யின் 5 வலது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் கீழே படிக்க எதுவும் இல்லை. இப்படி ஆனால் இடது முனைக்குப் பதிலாக வலது முனையை, அதாவது சி-யின் 10-ஐ, டி-யில் 4-க்கு வையுங்கள். சி-யின் 5-க்கு நேர் கீழே இப்போது 2 இருக்கும். விடை 20.

இது எப்படிச் சரியாகிறது? சி-யில் 5-இலிருந்து 10 வரை உள்ள தூரம் ‘இரண்டால் பெருக்கு’ தூரம். 4-இலிருந்து அந்தத் தூரம் இடது பக்கம் வந்தால் 4 ÷ 2 = 2. ஐந்தால் பெருக்குவதும், இரண்டால் வகுத்துவிட்டுப் பத்தால் பெருக்குவதும் ஒன்றுதானே. பத்தால் பெருக்குவது வெறும் தசமப் புள்ளி நகர்வு, அது நம் மனக்கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. முதல் இலக்கங்களைப் பெருக்கிப் பார்த்து, பத்தைத் தாண்டினால் வலது முனை, தாண்டாவிட்டால் இடது முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டிய எண்களில் சில சமயம் தவறான முனையை எடுத்துவிடுவோம். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது, நடுச்சட்டத்தை மறு முனைக்கு மாற்றி வைத்தால் போதும்.

0.047 × 680-ஐயும் பார்த்துவிடுவோம். தோராயம்: 0.05 × 700 = 35. முதல் இலக்கங்கள் 4-உம் 6-உம், பெருக்கினால் பத்தைத் தாண்டும், எனவே வலது முனை டி-யில் 4.7-க்கு. கர்சர் சி-யில் 6.8-க்கு. டி-யில் 3.20 கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். தோராயம் 35 என்பதால் விடை 32.0 அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு. சரியான விடை 31.96.

இந்தத் தோராயக் கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கருவியை எடுப்பதற்கு முன்பே, விடை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஸ்லைடு ரூல் 32 என்ற இலக்கங்களைத் தரும், அது 3.2-ஆ, 32-ஆ, 320-ஆ என்று சொல்லாது. இதைக் கருவியின் குறை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கால்குலேட்டரில் ஒரு பூஜ்யம் கூடுதலாக அழுத்திவிட்டு, வந்த விடையை அப்படியே எழுதிவிடுவது எளிது. ஸ்லைடு ரூல் பழகியவருக்கு விடையின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்கும், ஏனென்றால் அது தெரியாமல் அவரால் கணக்கை முடிக்கவே முடியாது.

வகுத்தல்

பெருக்கலைத் திருப்பிச் செய்வதுதான். 8.4 ÷ 3.5: கர்சரை டி-யில் 8.4-க்கு நகர்த்துங்கள். நடுச்சட்டத்தை நகர்த்தி சி-யின் 3.5-ஐ அதே கோட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். சி-யின் முனை டி-யில் எங்கே நிற்கிறதோ அதுவே விடை, 2.4.

வகுத்தலில் ஒரு நிம்மதி: விடை வெளியே போய்விடும் என்ற கவலை இல்லை. சி-யின் இடது முனை வெளியே போனால் வலது முனை உள்ளே இருக்கும். 2 ÷ 8-க்கு சி-யின் 8-ஐ டி-யில் 2-க்கு மேல் வைத்தால் வலது முனை 2.5-இல் நிற்கும். விடை 0.25. எந்த முனை உள்ளே இருக்கிறதோ அதைப் படியுங்கள்.

பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து வரும் கணக்குகளில் முதலில் வகுப்பது நல்லது. 42 × 65 ÷ 39 என்று வைத்துக்கொள்வோம். டி-யில் 4.2-க்கு மேல் சி-யின் 3.9-ஐ வைத்தால் 42 ÷ 39 முடிந்தது. அந்த விடை எவ்வளவு என்று படிக்கக்கூடத் தேவையில்லை. சி-யின் இடது முனை ஏற்கெனவே அந்த விடையின் மேல்தான் நிற்கிறது, அடுத்த பெருக்கலுக்குத் தயாராக. கர்சரை சி-யில் 6.5-க்கு நகர்த்தினால் டி-யில் 7. விடை 70. நடுச்சட்டத்தை ஒரே ஒரு முறை நகர்த்தினோம், இரண்டு செயல்கள் முடிந்தன. நடுவில் வரும் எண்ணை எழுதாததால் அங்கே ஒரு பிழை புகவும் வாய்ப்பில்லை.

ஒருமுறை வைத்தால் ஓர் அட்டவணை

எனக்கு ஸ்லைடு ரூலில் மிகவும் பிடித்த பகுதி இது. கால்குலேட்டர் ஒரு கேள்விக்கு ஒரு விடை தரும். ஸ்லைடு ரூலில் நடுச்சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், சி-யில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் கீழே டி-யில் உள்ள எண்ணுக்கும் ஒரே விகிதம். முழு அட்டவணையே விரிந்து கிடக்கும்.

75 மதிப்பெண்ணுக்கு நடந்த ஒரு தேர்வில் எல்லோருக்கும் சதவீதம் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி-யின் 7.5-ஐ டி-யின் வலது முனைக்கு நேராக வையுங்கள். 75-க்கு 100 என்று அர்த்தம். இனி நடுச்சட்டத்தைத் தொடவே வேண்டாம். கர்சரை மட்டும் ஓட்டுங்கள். சி-யில் 60, டி-யில் 80. சி-யில் 54, டி-யில் 72. 48-க்கு 64. 39-க்கு 52. விடைத்தாள் எத்தனை இருந்தாலும் ஒரு தாளுக்கு ஒரு கர்சர் நகர்வு.

அளவு மாற்றங்களும் இப்படித்தான். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். சி-யின் இடது முனையை டி-யில் 1.609-க்கு வைத்தால், மேலே மைல், கீழே கிலோமீட்டர். 3 மைலுக்கு 4.83, 5 மைலுக்கு 8.05, 60 மைலுக்கு 96.5. எதிர்த் திசையிலும் படிக்கலாம், கீழே கிலோமீட்டரைப் பார்த்து மேலே மைலைச் சொல்லலாம். அங்குலத்துக்கும் சென்டிமீட்டருக்கும் என்றால் 2.54-க்கு வைக்க வேண்டும். வரிசைக்கு வெளியே விழும் எண்களுக்கு மட்டும் முன்போல மறு முனையை மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.

இதே ஸ்லைடு ரூலை வட்டமாகச் செய்துவிட்டால் அந்த மாற்றிவைக்கும் வேலையும் இல்லை, ஏனென்றால் வட்டத்தில் 10-உம் 1-உம் ஒரே புள்ளி. விமானம் ஓட்டப் பயிற்சி பெறுபவர்களில் பலர் இன்றும் பழகும் ஈ6பி என்ற கருவியின் ஒரு பக்கம் இப்படிப்பட்ட வட்ட ஸ்லைடு ரூல்தான். வேகத்தையும் நேரத்தையும் ஒரு முறை பொருத்திவிட்டால் தூரங்கள் எல்லாம் வட்டத்தைச் சுற்றிப் படிக்கக் கிடைக்கும். எரிபொருள் கணக்கும் அதே முறைதான்.

சில ஸ்லைடு ரூல்களில் சிஐ என்று ஒரு வரிசை இருக்கும், பெரும்பாலும் சிவப்பில். அது சி-யையே வலமிருந்து இடமாக எழுதியது. ஓர் எண்ணின் தலைகீழியை அது காட்டும்: சி-யில் 4 இருக்கும் இடத்தில் சிஐ-யில் 2.5, அதாவது 1 ÷ 4 = 0.25.

வர்க்கமும் வர்க்கமூலமும்

ஏ வரிசையில் 1-இலிருந்து 10 வரையும், மறுபடி 10-இலிருந்து 100 வரையும், டி-யின் அதே நீளத்துக்குள் அடக்கியிருப்பார்கள். அதாவது எல்லாம் பாதி நீளமாகச் சுருங்கியிருக்கும். எனவே டி-யில் ஓர் எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதே தூரத்தில் ஏ-யில் அதன் வர்க்கம் இருக்கும். கர்சரை டி-யில் 3-க்கு வைத்தால் ஏ-யில் 9. டி-யில் 4 என்றால் ஏ-யின் வலப் பாதியில் 16. நடுச்சட்டத்துக்கு இங்கே வேலையே இல்லை.

வர்க்கமூலத்துக்கு ஏ-யிலிருந்து டி-க்கு வர வேண்டும். அப்போது ஏ-யின் எந்தப் பாதி என்ற கேள்வி வரும். 9-இன் மூலம் 3, 90-இன் மூலம் 9.49. இலக்கங்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் விடைகள் வேறு. முழு எண் பகுதியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தால் இடப் பாதி, இரட்டைப்படை என்றால் வலப் பாதி. 625-க்கு மூன்று இலக்கம், எனவே இடப் பாதியில் 6.25-ஐ எடுங்கள், டி-யில் 2.5, விடை 25. 2500-க்கு நான்கு இலக்கம், வலப் பாதியில் 25, டி-யில் 5, விடை 50. 0.5 போன்ற எண்ணுக்குத் தசமப் புள்ளியை இரண்டிரண்டு இடமாக நகர்த்தி 50 என்று எடுத்துக்கொண்டு வலப் பாதியில் பாருங்கள். டி-யில் 7.07, விடை 0.707.

வட்டத்தின் பரப்பு வேண்டுமென்றால் சி-யின் முனையை டி-யில் ஆரத்துக்கு வைத்து, கர்சரை பி-யில் 3.14-க்கு நகர்த்தி, ஏ-யில் படியுங்கள். ஆரம் 2 என்றால் ஏ-யில் 12.6-க்குச் சற்று முன்னால் நிற்கும். பல கருவிகளில் 3.14-இன் இடத்தில் பை குறியையே பொறித்திருப்பார்கள்.

எவ்வளவு துல்லியம்

25 செ.மீ. ஸ்லைடு ரூலில் மூன்று இலக்கங்கள் நம்பகமாகக் கிடைக்கும். 1-க்கும் 2-க்கும் நடுவில் என்றால் நான்காவதையும் ஓரளவு மதிப்பிடலாம். கண் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினால் விடையில் ஏற்படும் பிழை சுமார் 0.1 சதவீதம். இதில் அழகு என்னவென்றால், வரிசையின் எந்த இடத்தில் தவறினாலும் சதவீதம் அதேதான். சமமான தூரம், சமமான விகிதம். உங்கள் காகிதப் பட்டையில் அரை மில்லிமீட்டர் பிசகியிருந்தால் அரை சதவீதம் அளவுக்கு விடை தவறும்.

கூடுதல் இலக்கம் வேண்டுமென்றால் வரிசையை நீளமாக்க வேண்டும். ஜார்ஜ் ஃபுல்லர் 1878-இல் காப்புரிமை பெற்ற கருவியில் 12 மீட்டருக்கும் மேலான வரிசையை ஓர் உருளையின் மேல் சுருளாகச் சுற்றியிருந்தார்கள். ஆனால் கட்டடமோ பாலமோ எஞ்சினோ, அளந்து வரும் எண்களே பெரும்பாலும் மூன்று இலக்கத்துக்கு மேல் துல்லியமாக இருப்பதில்லை. அதனால்தான் மூன்று இலக்கக் கருவி இத்தனை காலம் போதுமானதாக இருந்தது. அப்பல்லோ விண்வெளிப் பயணங்கள் சிலவற்றில் பிக்கெட் நிறுவனத்தின் சிறிய ஸ்லைடு ரூலும் உடன் போனது. 1972-இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் எச்பி-35 என்ற கையடக்க அறிவியல் கால்குலேட்டரை 395 டாலருக்கு விற்கத் தொடங்கியது. விலை வேகமாகக் குறைய, சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது.

கடன், வட்டி, கணக்குப் புத்தகம் போன்ற கடைசிக் காசு வரை சரியாக வர வேண்டிய வேலைகளுக்கு இது அன்றும் பொருந்தவில்லை, இன்றும் பொருந்தாது.

கூட்டலுக்கு ஒரு சுற்றுவழி

ஸ்லைடு ரூலில் கூட்ட முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சாதாரணக் கூட்டலுக்குத் தாளும் பேனாவும்தான் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது: 34 + 51 என்பதை 34 × (51 ÷ 34 + 1) என்று எழுதலாம். சி-யின் இடது முனையை டி-யில் 34-க்கு வையுங்கள். டி-யில் 51-க்கு நேர் மேலே சி-யில் 1.5 இருக்கும். அதோடு மனதில் 1 சேர்த்து 2.5 ஆக்குங்கள். கர்சரை சி-யில் 2.5-க்கு நகர்த்துங்கள். டி-யில் 85.

இது வெறும் வேடிக்கையாகத் தோன்றலாம். ஏ, பி வரிசைகளோடு சேர்க்கும்போதுதான் இதன் பயன் தெரியும். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் 3, 4. கர்ணம் வேண்டும். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டிய கணக்கு. சி-யின் இடது முனையை டி-யில் 3-க்கு வையுங்கள். கர்சரை டி-யில் 4-க்கு நகர்த்தி பி-யில் படியுங்கள், சுமார் 1.78. அதோடு 1 கூட்டினால் 2.78. கர்சரை பி-யில் 2.78-க்கு நகர்த்தி டி-யில் பாருங்கள், 5. எதையும் வர்க்கம் எடுத்து எழுதவில்லை, மூலமும் தனியாக எடுக்கவில்லை, நடுச்சட்டம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

5, 12 என்ற பக்கங்களுக்கும் இதையே செய்து பாருங்கள். இந்த முறை டி-யில் 5-க்கு சி-யின் வலது முனையை வைக்க வேண்டும். டி-யில் 1.2-க்கு நேராக பி-யில் 5.76 தெரியும், ஒன்று கூட்டி 6.76-க்குப் போனால் டி-யில் 13-இன் இலக்கங்கள் வர வேண்டும்.